தொண்ணூறால் வகுபடாத உறக்கம்

கேரள எல்லையோரத்துக் களியக்காவிளையின் சாயக்கடைகளில் இப்போது உறக்கத்துக்கும் கணக்கு வந்துவிட்டது. உறக்கம் தொண்ணூறு தொண்ணூறு நிமிடமாகச் சுற்றிச் சுற்றி வருகிறதாம். ஒரு சுற்று முடிகிற இடத்தில் எழுந்தால் உற்சாகம், நடுவில் எழுந்தால் நாள் முழுக்க மந்தம். ஆகவே படுத்த நேரத்தோடு உறக்கம் பிடிக்கப் பதினைந்து நிமிடம் கூட்டி, அதன்மேல் நாலரை மணியோ ஆறு மணியோ ஏழரை மணியோ கூட்டி அலாரம் வைக்க வேண்டும். இதில் எல்லாருக்கும் பிடித்தமான பகுதி அடுத்தது: ஏழு மணி நேரம் உறங்குகிறவரைவிட ஆறு மணி நேரம் உறங்குகிறவர் தெளிவாக எழுவார், ஏனென்றால் ஆறு மணி நேரம் தொண்ணூறு நிமிடத்தால் மிச்சமில்லாமல் வகுபடுகிறது, ஏழு வகுபடுவதில்லை. இது கைபேசியில் ஒரு நிமிட வீடியோவாக வருகிறது. குடும்பக் குழுவில் காலை வணக்கத்தோடு சேர்ந்து வருகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் 'மூணு சுற்று போதும், நாலரை மணி நேரம்' என்ற உபதேசமாக வருகிறது.

இந்தக் கணக்கு தவறு. வெறும் தவறாக இருந்திருந்தால் விட்டுவிடலாம்; ஊரில் எத்தனையோ தவறான கணக்குகள் உலவுகின்றன, யாருக்கும் நட்டமில்லை. ஆனால் இது உறக்கம் போதாதவனிடம் போய், இருக்கிறதிலும் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொள், நன்றாக இருப்பாய் என்கிறது. அதனால்தான் எதிர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அதில் இருக்கிற உண்மையைக் கொடுத்துவிடுவோம். உறக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை என்பது மெய். சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜீன் அசரின்ஸ்கி என்ற ஆய்வு மாணவர், எட்டு வயது மகன் ஆர்மண்டின் கண்ணருகே மின்வாய்களை ஒட்டி இராத்திரி முழுக்கப் பதிவு செய்தார். பிள்ளை நல்ல உறக்கத்தில் இருக்கும்போதே கண்கள் மூடிய இமைக்குள் விறுவிறுவென்று ஓடின; கொஞ்ச நேரம் கழித்து அடங்கின; பிறகு மறுபடியும் ஓடின. தன் வழிகாட்டி நதேனியல் கிளைட்மனோடு சேர்ந்து 1953இல் அதை அவர் வெளியிட்டார். ரெம் உறக்கம் என்று இன்று நாம் சொல்வது அதுதான். 1957இல் கிளைட்மனும் வில்லியம் டிமெண்ட்டும் மூளை மின்னலைகளை இரவு முழுக்க வரைந்து பார்த்து, ஆழ்ந்த உறக்கமும் ரெம் உறக்கமும் மாறி மாறி வருவதைக் காட்டினார்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் தொண்ணூறு நிமிடம் என்பது அங்கிருந்து கிளம்பியது.

அந்தச் 'சுமார்' வரும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. தொண்ணூறு என்பது பலருடைய பல இரவுகளின் சராசரி. ஊரில் எல்லாருடைய பாதத்தையும் அளந்து சராசரி எடுத்து, அந்த ஒரே அளவில் எல்லாருக்கும் செருப்பு தைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் நடக்கிறது. இரவின் முதல் சுற்று எழுபதிலிருந்து நூறு நிமிடம் வரை இருக்கலாம். பிந்தைய சுற்றுகள் தொண்ணூறிலிருந்து நூற்றிருபது வரை நீளலாம். ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கு நேற்று ஒரு விதம், இன்று ஒரு விதம். வயதானால் மாறும், இரண்டு பெக் ஊற்றினால் மாறும், முந்தின நாள் உறங்காதிருந்தால் நன்றாகவே மாறும்.

கணக்குக்காரர்களோடு கணக்காகவே பேசிவிடலாம். ஐந்து சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றும் தொண்ணூறிலிருந்து இருபது நிமிடம் முன்னேயோ பின்னேயோ நகர்கிறது. சில நீளும், சில குறுகும், ஒன்றையொன்று ஓரளவு அடித்துக்கொள்ளும். அப்படி அடித்துக்கொண்ட பிறகும் ஐந்தாம் சுற்றின் முடிவு முக்கால் மணி நேரம் தள்ளிப்போக வாய்ப்பிருக்கிறது. முக்கால் மணி நேரம் என்றால் சரியாகப் பாதிச் சுற்று. அதாவது சுற்று முடிகிற இடம் என்று நம்பி நீங்கள் அலாரம் வைத்த நிமிடம், சுற்றின் நட்டநடுவாக இருக்கவும் அதே அளவு வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டிப் பார்த்து அலாரம் வைப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. இவ்வளவும் படுத்தவுடன் பதினைந்தே நிமிடத்தில் உறங்கிவிடுகிற புண்ணியவான்களுக்கு. வட்டிக்கு வாங்கியவன், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டவள், பக்கத்து வீட்டுக் கல்யாண ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டு கிடப்பவர் எல்லாம் கணக்கின் முதல் வரியிலேயே தவறிவிடுகிறார்கள்.

அப்படியானால் அலாரம் அடித்ததும் சில நாள் தலை தூக்க முடியாமல் கிடக்கிறோமே, அது என்ன? அதைப் பற்றி ஆராய்ச்சியே இருக்கிறது. விழித்த பிறகும் மூளை உடனே விழிப்பதில்லை. வழக்கமாகப் பதினைந்து நிமிடம், அரை மணி நேரம் அந்த மப்பு இருக்கும். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பிடித்து எழுப்பினால் கூடுதலாக இருக்கும் என்பதும் உண்மை. தொண்ணூறு நிமிடச் சூத்திரத்தின் உயிர் இந்த ஓர் உண்மையில்தான் இருக்கிறது. ஆனால் ஆழ்ந்த உறக்கம் இரவு முழுக்கப் பரவிக் கிடப்பதில்லை. பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடும். விடியற்காலையில் பெரும்பாலும் மேலோட்டமான உறக்கமும் ரெம் உறக்கமும்தான் மாறி மாறி வரும். ஏழெட்டு மணி நேரம் உறங்கி எழுகிற ஒருவரை எந்த நிமிடத்தில் எழுப்பினாலும் ஆழ்ந்த உறக்கத்தில் பிடிபடுவது அபூர்வம். அவருக்குச் சூத்திரம் தேவையே இல்லை.

தேவைப்படுகிறவர் யார்? நாலு மணி, ஐந்து மணி நேரத்தில் எழ வேண்டியவர். பல நாளாக உறக்கக் கடன் வைத்திருப்பவர். அப்படிப்பட்டவருக்கு ஆழ்ந்த உறக்கத்தின் ஆழம் கூடுகிறது, பின்னிரவு வரை நீளவும் செய்கிறது. எப்போது எழுப்பினாலும் மப்பு கூடுதல்தான். அவருடைய சுற்றுகள்தான் சராசரியிலிருந்து அதிகம் விலகுபவை என்பதால் சூத்திரம் அவரிடம்தான் அதிகம் பொய்க்கும். உதவி தேவைப்படாதவருக்கு வேலை செய்கிற மாதிரித் தோன்றி, தேவைப்படுகிறவரைக் கைவிடுகிற வைத்தியம் இது.

மப்பைத் தீர்மானிக்கிற இன்னொரு சங்கதியைச் சூத்திரம் சொல்வதே இல்லை. அது கடிகாரத்தில் எழுகிற மணி. 1982இல் சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பேலி உறக்கத்தை இரண்டு விசைகளாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, விழித்திருக்க விழித்திருக்க ஏறுகிற உறக்க அழுத்தம். மற்றது, இருபத்துநாலு மணி நேரச் சுழற்சியில் ஏறி இறங்குகிற உடல் கடிகாரம். இரவில் உறங்குகிற சாதாரண ஆளுக்கு, வழக்கமாக எழுகிற நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு உடலின் சூடு அடிமட்டத்துக்கு இறங்குகிறது. அந்த வேளையில் எழுப்பினால் எந்த நிலை உறக்கத்திலிருந்து எழுப்பினாலும் திணறல்தான்.

இந்தக் கடிகாரம் பேச்சைக் கேட்காது. கிளைட்மனே 1938இல் அதைச் சோதித்துத் தோற்றார். கென்டக்கியில் மாமத் குகைக்குள் வெளிச்சமும் சூடும் மாறாத ஓரிடத்தில், புரூஸ் ரிச்சர்ட்சன் என்ற இளம் துணையோடு 32 நாள் இருந்து, ஒரு நாளைக்கு 28 மணி நேரம் என்று வாழ்ந்து பார்த்தார். இளைஞருடைய உடல் வழிக்கு வந்தது. நாற்பதைத் தாண்டியிருந்த கிளைட்மனின் உடல் கடைசிவரை இருபத்துநாலிலேயே நின்றது. இந்தத் துறையின் மூத்த ஆசானுக்கே மசியாத உடம்பு, கைபேசிச் சூத்திரத்துக்கு மசியும் என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறார்கள்?

இனி எங்கள் பக்கத்து ஆட்களிடம் வருவோம். களியக்காவிளையிலிருந்து பளுகல், அருமனை, குலசேகரம் என்று கிழக்கே ஏற ஏற ரப்பர் விளைகள். பால் வெட்டுகிறவர் இரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு எழுகிறார். சோம்பலை வெல்லச் சொன்ன எந்தப் புத்தகத்தையும் படித்து அவர் அப்படி எழவில்லை. மரம் அப்படி. பட்டைக்குள் பால் குழாய்களின் அழுத்தம் விடிவதற்கு முன்புதான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறினால் இலை வழியே நீர் போகும், அழுத்தம் குறையும், வெட்டிய பால் சீக்கிரம் நின்றுவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போக வேண்டும். நேற்றைய வெட்டில் உறைந்திருக்கிற ஒட்டுப்பாலை இழுத்து எடுத்துக் கூடையில் போட்டு, பட்டையை மெல்லிய சீவலாகச் சரித்து வெட்டி, பால் கோட்டில் ஊறி இறங்கிச் சிரட்டையில் விழுகிறதா என்று பார்த்து, அடுத்த மரம். முன்னூறு, முன்னூற்றைம்பது மரம். ஏழெட்டு மணிக்குத் திரும்பி வந்து பாலெடுத்து, அரித்து, ஆசிட் விட்டு உறையவைத்து, ஷீட் அடித்து முடிக்கும்போது பதினொன்று.

அந்த வெட்டின் ஆழம்தான் தொழில். மேலாக வெட்டினால் பால் வராது. ஒரு நூல் கூடுதலாக இறங்கினால் கத்தி தடியில் பட்டு மரம் புண்படும். அந்த இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. பளுகல் பக்கம் ஒரு விளையில், கட்டன்சாயா குடிக்க உட்கார்ந்த ஒரு பெரியவர் கையால் தடவிக் காட்டினார். தொடக்கத்து வரிசையில் இருந்த மரங்களில்தான் முண்டு அதிகம். "சாரே, இது ஒறக்கச்சடவுல வெட்டினது. இருபது மரம் கழிஞ்சாத்தான் கை நேராவும்" என்றார். விழித்த பிறகும் மூளை விழிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவை எந்த ஆய்வுக்கூடத்திலும் எடுக்க முடியாது. மரப்பட்டையில் ஆண்டுக்கணக்கில் எழுதியிருக்கிறது.

தொண்ணூறு நிமிடக் கணக்கை இவரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று பாருங்கள். இரவு எட்டரைக்குப் படுக்கிறார். ரெண்டரைக்கு எழ வேண்டும். உறக்கம் பிடிக்கிற பதினைந்து நிமிடத்தை விட்டுவிட்டால் ஆறு மணி நேரம், நாலு சுற்று, மிச்சமில்லை! சூத்திரப்படி இவர்தான் இந்த மாவட்டத்திலேயே அதிகத் தெளிவோடு எழுகிற மனிதர். ஆனால் எட்டரைக்குப் படுத்தவர் எட்டரைக்கே உறங்கிவிடுவதில்லை. அந்த நேரத்தில்தான் வீட்டில் டிவி ஓடும், பிள்ளைகள் பாடம் படிக்கும், வெளியே வண்டிகள் போகும். எல்லைச் சாலையை ஒட்டிய வீடுகளில் இராத்திரி லாரிகளின் இரைச்சல் தனிக்கதை. எழுகிற வேளையோ, ஊர் உறங்குகிற நேரம். தினமும் ஒரே நேரத்தில் படுத்து எழுந்தால் உடல் கடிகாரம் ஓரளவு முன்னே நகர்ந்து கொடுக்கும். மழை அதையும் கெடுக்கும். பட்டை நனைந்தால் வெட்டு இல்லை; அன்றைக்கு ஆறு மணி வரை உறக்கம், மறுநாள் மறுபடி ரெண்டரை. எங்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் இந்த இழுபறி ஆண்டில் பல மாதம் நடக்கும்.

கடல் பக்கமும் இதே கதைதான், கொஞ்சம் மாறுதலோடு. தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் வள்ளம் இறக்குகிற நேரத்தைக் காற்றும் மீனும் முடிவு செய்கின்றன. ஆழ்கடலுக்குப் போகிற விசைப்படகில் நாள்கணக்காக முறை வைத்து உறங்குகிறார்கள். வலையோ தூண்டிலோ இழுக்கிற நேரம் வந்தால் சுற்று முடிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. மீன் கரைக்கு வந்து சந்தைக்கு ஏறும் முன் ஏலம் எடுக்கக் காத்திருக்கிற பெண்களுக்கும் அதே இரவுதான்.

ஆறு மணி நேரத்தின் மீது சூத்திரக்காரர்களுக்கு இருக்கிற பக்தியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 2003இல் அமெரிக்காவில் ஹான்ஸ் வான் டோங்கனும் டேவிட் டிங்கஸும் மற்றவர்களும் ஆரோக்கியமான ஆட்களைப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு எட்டு மணி, ஒரு கூட்டத்துக்கு ஆறு மணி, ஒரு கூட்டத்துக்கு நாலு மணி என்று பதினான்கு இரவு உறங்கவைத்தார்கள். தினமும் கவனத்தையும் நினைவையும் சோதித்தார்கள். ஆறு மணிக் கூட்டமும் நாலு மணிக் கூட்டமும் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனார்கள். இரண்டு வாரம் முடிகையில், ஒன்றிரண்டு இரவு சுத்தமாக உறங்காத ஆள் தடுமாறுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். இதைவிட முக்கியம், எப்படி இருக்கிறது என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை என்பதுதான் அவர்கள் பதில். முதல் சில நாளில் கொஞ்சம் அசதி என்றவர்கள், அதன்பிறகு பழகிவிட்டதாக நினைத்தார்கள். சோதனைத் தாள் வேறு சொன்னது.

ஆறு மணி நேரம் என்பது தொண்ணூறின் நாலு மடங்கு. சூத்திரம் பரிசு கொடுக்கிற எண் அது. இரண்டு வாரத்தில் மனிதரைச் சரித்ததும் அதே எண். 'எனக்கு ஆறு மணி நேரம் போதும், நான் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவருடைய தேய்மானத்தை அளக்க அவரிடம் இருக்கிற ஒரே கருவியும் தேய்ந்துபோயிருக்கிறது. 2015இல் அமெரிக்க உறக்க மருத்துவ அமைப்புகள் இரண்டு சேர்ந்து, வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமும் அதற்கு மேலும் என்று சொன்னபோது, தொண்ணூறால் வகுத்துப் பார்க்கச் சொல்லவில்லை.

இதற்கு உடனே ஒரு பதில் வரும்: 'என் கைபேசி செயலி உறக்கத்தை அளந்து, லேசான உறக்கத்தில் இருக்கும்போது பார்த்து எழுப்புகிறது. எனக்கு வேலை செய்கிறது.' திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலைக்குப் போய்வருகிற பையன்களிடம் இதைக் கேட்கலாம். ஒருவர் உறக்கத்தின் எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரிய வேண்டுமென்றால் மண்டையில் மின்வாய்களை ஒட்டி மூளையலை எடுக்க வேண்டும். கண்ணசைவும் தசையிறுக்கமும் கூடப் பார்க்க வேண்டும். மெத்தைமேல் கிடக்கிற கைபேசிக்குத் தெரிவது மெத்தை அசைவதும் மூச்சுச் சத்தமும்தான். பாயில் இரண்டு பிள்ளைகளும் மனைவியும் சேர்ந்து படுத்திருக்கிற வீட்டில் அது யாருடைய புரளலை அளக்கிறது என்று அதற்கே தெரியாது. அந்தச் செயலிகளின் வழக்கம், நீங்கள் வைத்த நேரத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்தே எழுப்பச் சமயம் பார்ப்பது. உறக்கம் குறைந்தவனிடமிருந்து தினமும் கால் மணி, அரை மணி எடுத்துக்கொண்டு, நன்றாக உறங்கினாய் என்று மதிப்பெண்ணும் போட்டுக் கொடுக்கிறது.

சிலருக்கு வேலை செய்கிற மாதிரி இருப்பதற்கும் காரணம் உண்டு. 1999இல் ஜெர்மனியின் லூபெக்கில் யான் போர்ன் குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். காலை ஆறு மணிக்கு எழுப்புவோம் என்று சொல்லிப் படுக்கவைத்தவர்களின் இரத்தத்தில், உடலை விழிப்புக்குத் தயார் செய்கிற ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஐந்து மணியிலிருந்தே ஏறத் தொடங்கியது. ஒன்பது மணிக்கு எழுப்புவோம் என்று சொல்லிவிட்டு ஆறுக்கே திடீரென்று எழுப்பியவர்களுக்கு அப்படி ஏறவில்லை. இந்த நேரத்துக்கு எழ வேண்டும் என்ற தீர்மானத்தோடு படுத்தால் உடம்பே ஒத்திகை பார்க்கிறது. வேளாங்கண்ணிக்குப் பஸ் பிடிக்க வேண்டிய நாளில் அலாரத்துக்கு முன்பே விழிப்பு தட்டுவது இதனால்தான். கணக்குப் போட்டுத் தீர்மானத்தோடு படுக்கிறவருக்குக் கிடைக்கிற தெளிவு தீர்மானத்தால் வந்தது. பெயரைக் கணக்கு வாங்கிக்கொண்டது. எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. உறக்கக் கருவி காட்டுகிற எண்களைப் பார்த்துப் பார்த்தே உறக்கம் கெட்டு வருகிற நோயாளிகளைப் பற்றி 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்தத் தொண்ணூறு நிமிடக் கணக்கோடு பிரம்ம முகூர்த்தத்தையும் யாராவது முடிச்சுப் போடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்: ஒரு முகூர்த்தம் நாற்பத்தெட்டு நிமிடம், இரண்டு சேர்ந்தால் தொண்ணூற்றாறு, கிட்டத்தட்ட ஒரு சுற்று! நான் எடுத்துக் கொடுத்ததாக இருக்க வேண்டாம்.

நம் ஊர்க்காரர்களின் உறக்கத்தை யாராவது உண்மையாகவே அளந்து பார்த்திருக்கிறார்களா என்றால், பார்த்திருக்கிறார்கள். களியக்காவிளையில் அல்ல, சென்னையில். பெத்ரோ பெஸோனே, கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி டோமா என்ற ஐந்து பொருளியலாளர்கள், குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரைக் கணினியில் தரவு பதிகிற வேலைக்கு அமர்த்தி, கையில் அசைவுமானியைக் கட்டி ஒரு மாதம் கவனித்தார்கள். கட்டுரை 2021இல் வந்தது. இவர்கள் இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடக்கிறார்கள். உறங்குவது ஐந்தரை மணி நேரம். நடுவில் முப்பது முறைக்கு மேல் விழிப்பு. வெக்கை, கொசு, சத்தம், நெருக்கடி.

முப்பது முறை விழிக்கிற இரவில் தொண்ணூறு நிமிடச் சுற்றை எங்கே போய்த் தேடுவது? சூத்திரம் உண்டானது ஆய்வுக்கூடத்தின் அமைதியான அறையில், தனிக் கட்டிலில். கூரைக்கு ஷீட் போட்ட வீட்டில், மின்விசிறி நின்றதும் விழித்துக்கொள்கிற மனிதரின் உறக்கத்தை அது கண்டதே இல்லை.

அந்த ஆய்வு என் வாதத்துக்கும் ஒரு குத்து வைத்திருக்கிறது, மறைக்கக் கூடாது. கட்டில், மெத்தை, கண்மறைப்பு, காதடைப்பான், விசிறி எல்லாம் கொடுத்தும் ஊக்கப்படுத்தியும் இரவு உறக்கத்தைச் சராசரியாக 27 நிமிடம் கூட்டினார்கள். அதனால் வேலைத்திறனும் கூடவில்லை, மனநிலையும் தெளியவில்லை. 'பார்த்தீர்களா, கூடுதல் உறக்கத்தால் பயனில்லை' என்று சூத்திரக்காரர் குதிக்கலாம். குதிக்கட்டும். அந்த 27 நிமிடமும் வந்தது கூடுதல் நேரம் படுக்கையில் கிடந்ததால். உறக்கத்தின் தரம் மாறவில்லை, அதே கிழிசல் துணியில் இன்னும் ஒரு முழம். இரவு உறக்கத்தைக் கிழிக்கிறவற்றைத் தொடாமல் நேரத்தை மட்டும் கூட்டினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது என்பதைத்தான் நான் அதில் படிக்கிறேன். அலாரத்தைப் பத்து நிமிடம் இங்கேயும் அங்கேயும் நகர்த்துவது அதைவிடவும் அற்பம்.

அதே ஆய்வில் இன்னொரு பிரிவு இருந்தது. வேலையிடத்திலேயே அமைதியான மூலையில் மத்தியானம் அரை மணி நேரம் உறங்கவிட்டார்கள். அவர்களுடைய கவனமும் வேலையின் வேகமும் மனநிலையும் தெளிவாக மேம்பட்டன. பால் வெட்டுகிறவர்களுக்கு இது செய்தியே இல்லை. பதினொன்றுக்கு மரச்சீனியும் மீன்கறியும் தின்றுவிட்டு அவர்கள் ஒரு மணி நேரம் சாய்கிறார்கள். அவர்களைத் தூக்கி நிறுத்துகிற தூண் அதுதான். அதற்கும் எதிரி உண்டு. மழைக்காலத்தில் பால் எடுக்காமல் விட்ட சிரட்டைகளில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும். அது பகலில் கடிக்கிற கொசு. டெங்கு, சிக்குன்குனியா கொண்டுவருவது தெரிந்த விஷயம். மத்தியான உறக்கத்தைக் கெடுப்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. சிரட்டையைக் கவிழ்த்து வைப்பது எங்கள் பக்கத்தில் எந்தச் செயலியையும்விட நல்ல உறக்க வைத்தியம்.

மூன்று மணிக்கு எழுந்தே ஆக வேண்டியவர் என்ன செய்யட்டும் என்று கேட்கலாம். வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. மழை நாளிலும் எழுகிற நேரத்தை அதிகம் தள்ளாமல் இருப்பது. எழுந்தவுடன் நல்ல வெளிச்சம். ஒரு காப்பி, உறக்க அழுத்தத்தை மூளைக்குச் சொல்கிற அடினோசினை அது கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்தும். கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன், வண்டிச் சாவியைத் திருப்புவதற்கு முன், இருபது முப்பது நிமிட இடைவெளி. பகலில் சாய்வு. எட்டு மணி நேரம் உறங்கியும் தினமும் அசதி, கூடவே பெரிய குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல் என்றால் அது அலாரம் சம்பந்தப்பட்டதே அல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரவு முழுக்க மூளையலையும் மூச்சும் பதிவு செய்து பார்க்கிற வசதி முப்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளித் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. இப்படிப்பட்டவர் தொண்ணூறு நிமிடக் கணக்கில் ஆறு மாதம் கழித்தால், இரத்த அழுத்தமும் இதயமும் அந்த ஆறு மாதத்துக்கு விலை கொடுக்கின்றன.

மத்தியான உறக்கத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்பதையும் சென்னை ஆய்வு கண்டது. அந்த அரை மணி நேரம் வேலை நேரத்திலிருந்து போகிறது. உறங்காமல் தொடர்ந்து வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால், உறங்கியவர்களின் வருமானம் குறைவு. ஆகவே கேள்வி கடைசியில் உறக்கத்திலிருந்து கூலிக்கு வந்து நிற்கிறது: அந்த அரை மணி நேரத்தை யார் ஏற்பது? சூத்திரம் இவ்வளவு பரவியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதில் முதலாளிக்குச் செலவில்லை, அரசாங்கத்துக்கு வேலையில்லை. நீ அசந்துபோனால் நீ தப்பான நிமிடத்தில் எழுந்திருக்கிறாய். கணக்கைச் சரியாகப் போடு. பணி நேரம் நீளம், வீடு வெக்கை, சாலை இரைச்சல், இதெல்லாம் பேச்சிலேயே வராது.

போடுவதென்றால் போட வேண்டிய கணக்கு வேறு. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, ஒரு நாள் பணி முடிந்து மறுநாள் பணி தொடங்குவதற்குள் தொடர்ந்து ஒன்பது மணி நேர ஓய்வு என்று எழுதிவைத்தது. களியக்காவிளையில் இரவு ஒன்பதரைக்கு வண்டியை விடுகிற ஒரு டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டப்படி காலை ஆறரைக்கு அவர் மறுபடியும் வண்டியில் ஏறலாம். கணக்கு ஒப்படைக்க அரை மணி. வீடு போய்ச்சேர முக்கால் மணி. குளித்துச் சாப்பிட முக்கால் மணி. காலையில் எழுந்து கிளம்ப முக்கால் மணி, திரும்பி வர முக்கால் மணி. மிச்சம் ஐந்தரை. சட்டம் ஒரு நிமிடம்கூட மீறப்படவில்லை, படுத்த நொடியே உறங்கிவிட்டார் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்தரை மணி நேரம்தான். ஐந்தரை தொண்ணூறு நிமிடத்தால் வகுபடாது. சூத்திரப்படி அவர் இன்னும் ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்து, மூன்று சுற்று முடிந்த நாலரையோடு எழுந்து, அந்தத் தெளிவோடு மார்த்தாண்டம் மேம்பாலத்தில் வண்டியை ஏற்ற வேண்டும்.